மஞ்சள் வேண்டாம், சோளம் போதும் என்றார் அப்பா

அப்பா போய் ஒரு வருஷம் முடிந்து, தெவசமும் கொடுத்தாயிற்று. இப்போதுதான் இதை எழுத உட்கார முடிகிறது. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள். அதனால் அந்த ஐந்து மாதத்தில் பணம் எங்கெங்கே போனது என்று வவுச்சர் வாரியாகச் சொல்ல முடியும். மொத்தம் 7,34,000 ரூபாய். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான தொகை எதற்காகச் செலவானது என்று கேட்டால் இன்றைக்கும் என்னிடம் பதில் கிடையாது. ஆனால் ராத்திரி தூக்கம் கலைந்தால் ஞாபகம் வருவது அந்தக் கணக்கு இல்லை. அத்தனை நாள் அவர் பக்கத்திலேயே இருந்தும், அவருக்கு வந்த நோயின் பெயரைத் தவிர பாக்கி எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருந்தோம். அதுதான்.

கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் தோட்டம். சித்திரைக் கடைசியில் அப்பாவுக்குக் கண் மஞ்சளாகிவிட்டது, உடம்பெல்லாம் ஒரே அரிப்பு. வலி கிடையாது. காமாலை என்றால் எங்கள் ஊரில் என்ன செய்வார்களோ அதைச் செய்தோம்: கீழாநெல்லி, மோர்ச் சோறு, உப்பில்லாப் பத்தியம். மூன்று வாரம் அதிலேயே போயிற்று. சிறுநீர் கடுந்தேயிலை மாதிரி, மலம் வெளுத்துக் களிமண் மாதிரி. அதை அம்மா கவனித்திருக்கிறார், ஆனால் இதையெல்லாம் யாரிடம் சொல்வது என்று விட்டுவிட்டார். வயதான ஒருவருக்கு வலியில்லாமல் காமாலை வந்து, அரிப்பும் மெலிவும் சேர்ந்திருந்தால், வைத்தியர் வீட்டுக்குப் போகும் முன்னால் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். ஈரோட்டில் எடுத்த ஸ்கேனில் கணையத்தின் தலைப்பக்கம் கட்டி என்றும், அது பித்தக் குழாயை அடைத்திருக்கிறது என்றும், கல்லீரலுக்கும் போய்விட்டது என்றும் வந்தது. கோயம்புத்தூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்து, வாய் வழியாகக் குழாய் விட்டு, அடைப்பில் பித்தம் இறங்குவதற்கு ஸ்டென்ட் என்கிற சின்னக் குழாயை வைத்தார்கள். அரிப்பு நின்றது. கண் வெளுத்தது. நாங்கள் பிழைத்தோம் என்று நினைத்தோம்.

டாக்டர் அறையில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் எல்லாத் தப்பும் அங்கேதான் ஆரம்பம். அப்பாவை வெளியே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான், அம்மா, மாமா மூன்று பேரும் உள்ளே போனோம். அண்ணன் சிங்கப்பூரில் இருந்து வீடியோவில். டாக்டர் வாய் திறப்பதற்கு முன்பே மாமா சொல்லிவிட்டார்: “சார், எதா இருந்தாலும் எங்ககிட்டச் சொல்லிப் போடுங்க. அவருக்குத் தெரிய வேண்டாமுங்க. மனசு ஒடிஞ்சு போயிருவாரு.” டாக்டர் தலையாட்டினார். அவருக்கும் அது வசதியாகத்தான் இருந்திருக்கும் போல. ஏழெட்டு நிமிஷம் பேசினார். கீமோ கொடுக்கலாம், ரெஸ்பான்ஸ் இருந்தால் தொடரலாம், நோக்கம் பாலியேட்டிவ் என்றார். எங்கள் காதில் விழுந்தது கீமோ, ரெஸ்பான்ஸ் இரண்டும்தான். கீமோ என்றால் குணம் என்று நாங்களே முடிவு செய்துகொண்டு வெளியே வந்தோம்.

ரெஸ்பான்ஸ் என்றால் கட்டி சுருங்குவது. குணமாவது வேறு. பாலியேட்டிவ் என்றால் நோயைத் தீர்க்கும் வழி இல்லை, உபாதையைக் குறைத்து முடிந்தவரை நாளைக் கூட்டலாம் என்று பொருள். இது எனக்கு நாலு மாதம் கழித்து வேறொரு டாக்டர் சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்வி: “இந்த வைத்தியம் குணமாக்கவா, நாளைக் கூட்டவா, வலியைக் குறைக்கவா?” அடுத்தது, எத்தனை நாள் என்று கேட்டால் எந்த டாக்டரும் பிடிகொடுக்க மாட்டார், கடவுள் கையில் என்பார். “நாள் கணக்கா, வாரக் கணக்கா, மாதக் கணக்கா?” என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வரும். கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பதிலையும் அங்கேயே எழுதி, “நான் இப்படிப் புரிஞ்சுக்கிட்டேன், சரிங்களா?” என்று அவரிடமே வாசித்துக் காட்டுங்கள். கம்பெனியில் ஒரு லாரி சரக்குக்கு மூன்று தடவை சரிபார்க்கிறவள், அப்பா விஷயத்தில் ஒரு தடவைகூடச் செய்யவில்லை.

திரும்பி வரும்போது அவிநாசி தாண்டி நம்பியூர் ரோட்டில் அப்பா முன்சீட்டில் இருந்து கேட்டார். “ஏனம்மணி, காமாலைக்கு எதுக்கு இத்தன பேரு வந்திருக்கறீங்க?” காரில் ஐந்து பேர் இருந்தோம். யாரும் பேசவில்லை. கடைசியில் மாமா, “கல்லீரல்ல புண்ணாமா, கொஞ்ச நாள் ஊசி போடோணுமாமா” என்றார். அப்பா “செரி” என்றார். அதற்கப்புறம் அவர் கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மருத்துவமனை ஃபைலின் அட்டையில் புற்றுநோய்ப் பிரிவு என்று தமிழிலும் அச்சடித்திருந்தார்கள். கடையில் பிரவுன் பேப்பர் வாங்கி வந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நோட்டுக்குப் போடுகிற மாதிரி மூலையெல்லாம் மடித்து அட்டை போட்டேன். அது போதாதென்று மேலே ஒரு லேபிள் ஒட்டி அப்பா பெயரையும் எழுதினேன். அதன் பிறகு ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் அந்த ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு அப்பா அந்த லேபிளைத் தடவிக்கொண்டே வருவார்.

வைகாசியில் மஞ்சள் நடவேண்டும். விதை மஞ்சள் வீட்டில் தயாராக இருந்தது. அப்பா ஒருநாள் காலையில் அடுத்த தோட்டத்துச் சித்தப்பாவைக் கூப்பிட்டு அத்தனையையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். “இந்த வருசம் மஞ்ச வேண்டாம். சோளம் வெதச்சு உட்டா மாட்டுக்குத் தட்டாவது ஆகும்” என்றார். ஆள் கிடைக்காத கஷ்டம், மஞ்சள் விலை சரியில்லை என்று நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். நாற்பது வருஷமாக மஞ்சள் விடாமல் போட்ட மனுஷர். மஞ்சள் வெட்ட ஒன்பது பத்து மாதம் ஆகும், தட்டுச் சோளம் இரண்டரை மாதத்தில் அறுப்புக்கு வந்துவிடும். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

கீமோ நாலு தடவை, தடவைக்கு 38,000. இடையில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு வைத்தியரிடம் பொடி வாங்கிய வகையில் 48,000. கலைஞர் காலத்தில் வாங்கிய காப்பீட்டு அட்டை பீரோவில் கிடந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு. அட்டை இன்னும் செல்லுமா, அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா என்று விசாரிக்கக்கூட இல்லை. அம்மாவின் நகையைக் கூட்டுறவு சங்கத்தில் வைத்தோம். நீங்கள் சேர்க்கும் நாளிலேயே காப்பீட்டு கவுன்டர் எங்கே என்று கேட்டுவிடுங்கள், அப்புறம் கேட்டால் நடக்காது.

ஆடி பிறந்த பிறகு வலி ஆரம்பித்தது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் போகும், படுத்தால் அதிகம். ராத்திரியெல்லாம் ஆசாரத்தில், அதாவது வீட்டு முன்கூடத்தில், கயிற்றுக் கட்டிலில் குனிந்து உட்கார்ந்தபடியே இருப்பார். கேட்டால் “வாயுப் பிடிப்பு” என்பார். டாக்டர் முதலில் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. அடுத்து மார்ஃபின் கொடுக்கலாமா என்று அவர் கேட்டபோது, அண்ணன் போனில் வேண்டாம் என்றான். அது சாகப்போகிறவர்களுக்குக் கொடுப்பது, பழகிவிட்டால் விடாது என்றான். நானும் அப்படித்தான் நம்பினேன். ஏழு வாரம். ஒரு மனுஷர் ஏழு வாரம் உட்கார்ந்தே தூங்கினார், எங்கள் பயத்தால்.

மார்ஃபினைப் பற்றி எனக்குப் பிறகு தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரையாக, சாதாரணமாக நாலு மணி நேரத்துக்கு ஒன்று, வலிக்குத் தகுந்தபடி அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். மூச்சுத் திணறலுக்கும் கேட்கும். முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு பெரும்பாலும் போய்விடும். மலச்சிக்கல் மட்டும் போகாது, ஆகவே மலமிளக்கியை முதல் நாளே சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும். வலிக்காகச் சரியான அளவில் எடுப்பவர் போதைக்கு அடிமையாவது அபூர்வம். விலையும் சொற்பம். ஆனால் பக்கத்து மெடிக்கலில் போய்க் கேட்டால் கிடைக்காது. 1985 போதைப்பொருள் சட்டத்தில் ஏகப்பட்ட கெடுபிடி இருந்தது. 2014இல் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் ஒரே அனுமதியில் வைத்துக் கொடுக்கலாம் என்று ஆக்கினார்கள். உங்கள் மாவட்டத்தில் அப்படி எந்த இடத்தில் இருக்கிறது என்று வலி வருவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணி முடியும் சமயத்தில் குளிர்க் காய்ச்சல், மூச்சிரைப்பு. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு கிருமி ரத்தத்துக்குப் போய்விட்டது. ஐசியு. ஆறு நாள், 3,10,000. இரண்டாம் நாளே அடைப்பை எடுத்துவிட்டார்கள், காய்ச்சலும் இறங்கியது. மீதி நாலு நாள் ஏன் உள்ளே இருந்தார் என்று நாங்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. காலையில் பத்து நிமிஷம், பொழுதோட பத்து நிமிஷம் பார்க்க விடுவார்கள். தினமும் ஒரு புது டாக்டர், தினமும் ஒரே பதில்: “கிரிட்டிகல்தான், ஆனா ஸ்டேபிளா இருக்காரு.” ஸ்டேபிள் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் ஊருக்கெல்லாம் போன் செய்து அப்பா தேறிவிட்டார் என்று சொன்னேன். இன்று எந்த அளவில் இருக்கிறாரோ அதே அளவில் இருக்கிறார், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். குழாயைப் பிடுங்குகிறார் என்று அவர் கையைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். அப்பா என்னைப் பார்த்து வாயசைத்தார். “வூட்டுக்கு.” நான் “சீக்கிரம் போயிரலாமுங்கப்பா” என்று சொல்லிவிட்டுப் பில் கவுன்டருக்குப் போனேன்.

ஆறாம் நாள் ஒரு தாளை நீட்டினார்கள். மூச்சு இன்னும் சிரமமானால் தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டர் வைக்க முன்கூட்டியே சம்மதம். அண்ணனுக்குப் போன் போட்டேன். “எதையும் விடாத, போடச் சொல்லு” என்றான். அப்பா வீட்டுக்குப் போகணும் என்கிறார் என்று சொன்னதற்கு, “நீ அவரக் கொல்லப் பாக்கறயா?” என்று கேட்டான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. தூரத்தில் இருக்கிறவனுக்குக் கூட இருக்க முடியவில்லையே என்கிற குற்ற உணர்ச்சி, அதுதான் அப்படிப் பேச வைக்கிறது என்று புரிகிறது. புரிந்தும் தீரவில்லை. பெரிய டாக்டரைப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணி நேரம் கழித்து வந்தார். “குழாய் போட்டா அதை எடுக்கற நிலைமைக்கு அப்பா திரும்ப வருவாருங்களா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். “கஷ்டம்மா. இது அடியில இருக்கற நோயோட போக்கு” என்றார். ஐந்து மாதத்தில் எங்களிடம் சொல்லப்பட்ட முதல் நேர்ப் பேச்சு அது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்காத கேள்விக்கு யார்தான் பதில் சொல்வார்கள்.

அங்கேயும் ஒரு தப்பு செய்தோம். மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டி வந்தோம். அப்படி வந்தால் பெரும்பாலும் மாத்திரைச் சீட்டு, அடுத்து என்ன செய்வது என்கிற குறிப்பு எதுவும் கையில் இருக்காது. “வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம், அதற்கு வேண்டிய மருந்தோடு முறையாக டிஸ்சார்ஜ் செய்யுங்கள், வலி தணிப்புப் பிரிவுக்குச் சீட்டு எழுதுங்கள்” என்று கேட்டிருக்க வேண்டும். ஆம்புலன்ஸில் அன்னூர் வரைக்கும் அப்பா முனகிக்கொண்டே வந்தார், என்னிடம் கொடுக்க ஒரு மாத்திரை இல்லை.

வழி காட்டியது அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை கொண்டு வரும் பெண். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் அரசு ஆரம்பித்த திட்டம், அதில் மாதாமாதம் வீட்டுக்கே வருவார். அப்பாவைப் பார்த்ததும், “ஏனுங்க்கா, படுக்கையில இருக்கறவிங்களப் பார்க்கறதுக்குன்னே நர்ஸ் வருவாங்களே, உங்களுக்குத் தெரியாதுங்களா?” என்றார். ஐந்து மாதமாக அவர் எங்கள் வாசலுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். நோயை மறைத்து வைத்திருந்ததால் அவருக்கும் யாரும் சொல்லவில்லை. மறுநாளே கோவையில் ஒரு வலி தணிப்பு மையத்துக்குப் போனோம்.

அந்த டாக்டரம்மா ஃபைலைக் கையில் வாங்கினார், திறக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். நான் வழக்கம்போல முந்திக்கொண்டு, “மேடம், கொஞ்சம் வெளிய வர்றீங்களா” என்றேன். “அப்பாகிட்டப் பேசிட்டு வர்றேன், நீங்களும் இருங்க” என்றார். முதலில் வலியைக் கேட்டார். அப்புறம், “உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கறீங்க?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். அந்த மௌனம் என்னால் தாங்க முடியாத அளவுக்கு நீண்டது. அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

“மஞ்ச போட வேண்டாம்னு வைகாசிலயே சொல்லிப் போட்டனுங்களே” என்றார்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். “இவிங்க சொல்லாம இருந்தாங்க. சொன்னா இவிங்கதான் தாங்க மாட்டாங்கன்னு நானும் கேக்காம இருந்துட்டனுங்க” என்றார் அப்பா. அதற்குப் பிறகு டாக்டரம்மா, “இன்னும் என்னென்ன தெரிஞ்சுக்கோணும்னு ஆசைப்படறீங்க?” என்றார். அப்பா கேட்டது இரண்டுதான். வலி நிற்குமா, நோம்பி வரைக்கும் இருப்பேனா. வலியை நிறுத்தலாம் என்று உறுதியாகச் சொன்னார். தீபாவளியைப் பற்றி, “வாரக் கணக்குதாங்க. நோம்பி கொஞ்சம் தூரமாத்தான் தெரியுது” என்றார். அப்பா மனசு ஒடிந்து போகவில்லை. அன்று ராத்திரி மார்ஃபின் போட்டு, ஏழெட்டு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கால் நீட்டிப் படுத்துத் தூங்கினார்.

கெட்ட சேதி சொல்வதற்கு ஒரு முறையே இருக்கிறதாம், 2000இல் அமெரிக்க, கனடா மருத்துவர்கள் ஆறு படியாக எழுதி வைத்தது. நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும், இன்னும் எவ்வளவு தெரிய விருப்பம் என்று இரண்டையும் கேட்ட பிறகுதான் விஷயத்துக்கு வர வேண்டுமாம். தெரிய வேண்டாம், பிள்ளைகளிடம் சொல்லுங்கள் என்று அவரே சொன்னால் அதுவும் சரிதான், அது அவருடைய முடிவு. எங்கள் வீட்டில் அந்த முடிவை மாமா எடுத்தார்.

வீட்டில் 19 நாள். வாடகைக் கட்டில், டயப்பர், மாத்திரை எல்லாம் சேர்த்து 9,000. அந்த 19 நாளில் அப்பா பேசியதை அதற்கு முந்தின 19 வருஷத்தில் பேசியிருக்க மாட்டார். கிணற்று மோட்டார் கடனில் பாக்கி எவ்வளவு, வடக்குக் காட்டில் எனக்கு எவ்வளவு பங்கு, சினை மாட்டை விற்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அண்ணன் வந்து சேர்ந்தான். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினார், என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. ஒருநாள் வாய்க்காலைப் பார்க்க வேண்டும் என்றார். கீழ்பவானியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்த சமயம். காரைக் கரையில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டோம். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, “ரெண்டு புறமும் நெல்லு நல்லா இருக்குது” என்றார்.

கடைசி வாரத்தில் சாப்பாடு நின்றுவிட்டது. அம்மா இளநீரைக் கரண்டியில் புகட்டி, புரையேறி, இரண்டு பேரும் அழுதார்கள். வீட்டுக்கு வரும் நர்ஸ்தான் அம்மாவுக்குச் சொன்னார்: “சாப்பிடாததால போறதில்லீங்கம்மா. போற உடம்பு சோறு கேக்காதுங்க.” பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தால் போதும் என்று காட்டிக் கொடுத்தார். இனி என்னென்ன வரும் என்றும் முன்கூட்டியே சொன்னார். பாதம் சில்லிட்டு நீலம் பாயும், மூச்சு நின்று நின்று வரும், தொண்டையில் களகளவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்கிற நமக்குத்தான் வேதனை, அவருக்கு அநேகமாக இருக்காது, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள் என்றார். காது கடைசிவரை கேட்கலாம், பேசிக்கொண்டே இருங்கள் என்றார். அந்த ராத்திரி அதெல்லாம் அந்த வரிசையிலேயே வந்தது. சொல்லி வைத்திருக்காவிட்டால் 108ஐக் கூப்பிட்டு மறுபடியும் ஐசியுவில் கொண்டு போய் விட்டிருப்பேன். விடியக்காலம் அம்மா கையைப் பிடித்திருக்கும்போது போனார். நோம்பிக்கு இன்னும் நாள் இருந்தது.

வீட்டில் இறந்தால் காகித வேலை ஒன்று உண்டு. கடைசியாகப் பார்த்த டாக்டரிடம் இறப்புக்கான காரணச் சான்று வாங்கி, 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் அலைச்சல். வங்கி, பட்டா, இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் இறப்புச் சான்றிதழின் நகல் வேண்டும், பத்துப் பிரதி எடுத்து வையுங்கள்.

இன்னொரு காகிதம், உயிரோடு நன்றாக இருக்கும்போதே எழுதி வைப்பது. குணமாகாத நோய் வந்து, பேசவும் முடியாமல் போனால் எனக்கு வென்டிலேட்டர் வேண்டாம் என்கிற மாதிரி நாமே எழுதி வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்தது. 2023இல் அதைச் சுலபமாக்கி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி சான்றளித்தால் போதும் என்றாக்கினார்கள். நமக்குப் பதிலாக முடிவெடுக்கிறவர் யார் என்றும் அதில் பெயர் எழுதலாம். நான் எழுதிவிட்டேன். வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் அவருக்கும் ஒன்று எழுதச் சொன்னார்.

போன மாதம் அம்மாவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. ஈரோட்டுக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் அறை வாசலில் பேர் கூப்பிட்டதும் நான் எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுத் தான் எழுந்தார். “நீ பின்னால வா. எதா இருந்தாலும் எங்கிட்டயே சொல்லட்டும்” என்றார். இரண்டடி போய்த் திரும்பிப் பார்த்து, “அட்டையெல்லாம் போட வேண்டாம், ஆமா” என்றார்.